சோறு வைத்து ஒட்டிய பக்கங்கள்

எங்களிடம் இருந்த ஒரே தமிழ் நாவலைத் திறந்தால் அச்சு மையின் வாசத்தோடு புளித்த சோற்றின் வாசமும் வரும். ரஷ்ய மொழியிலிருந்து தமிழுக்கு வந்த புத்தகம், செங்கல் கனம். யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டபோது உடுப்பைக் குறைத்துவிட்டு அதை ஏன் பையில் வைத்தீர்கள் என்று அப்பா இருக்கும்வரை அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில், மாடிக்கு ஒரு பொதுச் சமையலறை என்றிருந்த அகதிகள் விடுதியில், ஒற்றை அறையில் நாங்கள் இருந்த காலம் அது.

அப்பாவுக்கு நாவலைவிட அதன் முன்னுரைதான் பிடிக்கும். அதில் எழுதியவரின் வாழ்க்கை இருந்தது. இளம் வயதில் அரசுக்கு எதிரான கூட்டத்தில் சேர்ந்ததற்காக அவரைச் சுடக் கொண்டுபோய் நிறுத்தி, கடைசி நேரத்தில் தண்டனையை மாற்றிச் சைபீரியச் சிறைக்கு அனுப்பினார்களாம். பிறகு சூதாட்டம் பிடித்துக்கொண்டது. இதே ஜெர்மனிக்கு வந்து கையில் இருந்ததையெல்லாம் தோற்றாராம். இவற்றோடு வலிப்பு நோயும் இருந்தது. பட்டதையெல்லாம் மனிதர் கதைகளுக்குள் கொண்டுபோய் வைத்தார். தன் வலிப்பை இந்த நாவலின் நல்ல மனிதன் ஒருவனுக்குக் கொடுத்திருந்தார்.

பதினொரு வயதில் எனக்கும் வலிப்பு இருந்தது. அம்மாவும் அப்பாவும் மருத்துவரும் தவிர வேறு யாருக்கும் அது தெரியக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

"மனுசன் ஒளிக்காமல் எழுதியிருக்கிறான்," என்பார் அப்பா.

"அவருக்குக் கலியாணம் பேச ஒரு பொம்பிளைப்பிள்ளை இருந்திருக்காது," என்பார் அம்மா.

விடுதியில் வேறு தமிழ்ப் புத்தகம் இல்லாததால் எல்லோரும் அதை இரவல் கேட்டார்கள், அப்பாவால் மறுக்க முடியவில்லை. வலிப்பைப் பற்றி வாசித்தால் இவர்கள் ஏன் இதைச் சுமந்து வந்தார்கள் என்று யோசிப்பார்கள் என அம்மா பயந்து, முன்னுரையில் இரண்டு பக்கத்தையும் கதைக்குள் இரண்டு பக்கத்தையும் சோற்றைக் குழைத்து ஒட்டிவிட்டார். அப்பா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அந்தக் கோடையில் பள்ளியில் "கிளாசன்ஃபார்ட்" வந்தது. வகுப்போடு ஐந்து நாள் கடற்கரைக்குப் போகும் பயணம். கூச்சத்தால் வகுப்பில் வாய் திறக்காத எனக்கு, ஒரே அறையில் நான்கு பிள்ளைகளோடு படுக்கலாம் என்பதே பெரிய ஆசை. ஆனால் படிவத்தில் நோய்கள் உண்டா என்று ஒரு வரி இருந்தது. இல்லையென்று எழுதச் சொன்னார் அம்மா. கடலுக்குள் விழுந்தால் என்ன செய்வது, பொய் எழுதி அனுப்பமாட்டேன் என்றார் அப்பா. உண்மையை எழுதினால், அதே வகுப்பில் படித்த விடுதிப் பிள்ளை ஒருத்தி வழியாக எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்றார் அம்மா. கொடுக்கவேண்டிய நாளுக்கு முதல்நாள்வரை படிவம் மேசையிலேயே கிடந்தது.

அன்று மாலை எங்கள் மாடியிலேயே இருந்த சபா அண்ணை புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். ஊரில் ஒன்றரை வருடம் இராணுவத்தின் சிறையில் இருந்தவர் அவர். சைபீரியாவைப் பற்றி அப்பா சொன்னதால் புத்தகத்தை வாங்கிப்போயிருந்தார்.

"அக்கா, நாலு பக்கம் ஒட்டிக்கிடந்தது. தண்ணி கொதிக்கிற கேத்தில் ஆவியிலை பிடிச்சு எடுத்தனான்," என்றார். "நல்ல இடமாப் பாத்துத்தான் ஒட்டியிருக்கிறியள்."

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"பிள்ளை ஒருநாள் சமையலறையிலை விழுந்தவள். கொஞ்ச நேரத்திலை முழிச்சிட்டாள். நீங்கள் சொல்லாததை நான் ஏன் கேப்பான் எண்டு விட்டனான். இவ்வளவு நாளும் ஆருக்கும் சொன்னனானோ?"

கண் விழித்தபோது தலைக்குக் கீழே யாரோ மடித்துவைத்திருந்த கம்பளிச் சட்டை எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அம்மா புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கங்களைப் புரட்டினார்.

"விருப்பமில்லையெண்டால் சொல்லுங்கோ, என்னட்டைச் சோறு கிடக்கு. திரும்ப ஒட்டித் தாறன்," என்றார் சபா அண்ணை.

அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பேப்பரை எடுங்கோ," என்றார் அப்பாவிடம். அப்பா அகராதி பார்த்து அந்த வரியை நிரப்பினார்.

மூன்றாம் நாள் கடற்கரை மணலில் விழுந்தேன். படிவத்தை வாசித்திருந்த ஆசிரியை என்னைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்திலேயே இருந்தாராம். இரவு அந்த நான்கு பிள்ளைகளும் என் கட்டிலுக்கு வந்து, வலித்ததா என்று மட்டும் கேட்டார்கள்.

திரும்பி வந்த பிறகுதான் அந்தப் பக்கங்களை எழுத்துக் கூட்டி வாசித்தேன். விழுவதற்கு முந்திய கணத்தில் ஒரு வெளிச்சம் வரும் என்று அந்த ரஷ்ய எழுத்தாளர் எழுதியிருந்தார். எனக்கு வெளிச்சமெல்லாம் வந்ததில்லை, இரும்பின் வாசம்தான் வரும். ஆனாலும் முதலில் ஏதோ ஒன்று வரும் என்று தெரிந்த இன்னொருவர் இருந்தார்.

இன்று அந்த விடுதி இல்லை, வாகனத் தரிப்பிடமாகிவிட்டது. அப்பாவும் சபா அண்ணையும் இல்லை. வலிப்பும் மருந்தும் நின்று பல வருடங்கள் ஆயின. இங்கே ஊன்ட்றொப் ஊரில் உள்ள அம்மன் கோயில் திருவிழாவில் தெரிந்தவர்களைக் கண்டால், "இவளுக்குச் சின்னனிலை வலிப்பு," என்று அம்மாவே சொல்கிறார். ஒட்டியதைக் கேட்டால், "நான் ஏன் புத்தகத்தை ஒட்டுறன்?" என்கிறார்.

புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. மேசையில் வைத்தால் கதைக்குள் ஆவி பட்டு நெளிந்த அந்த இடத்தில் தானாகவே திறந்துகொள்ளும். ஓரத்தில் ஒரு பருக்கை காய்ந்து ஒட்டியிருக்கிறது. நான் அதைச் சுரண்டவில்லை.