அக்கா குடிபோன ஞாயிற்றுக்கிழமை

எனக்கும் அக்காவுக்கும் பதினைந்து வயது வித்தியாசம். நடுவில் அண்ணன். நான் நான்காம் வகுப்பு படித்தபோது, கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஒரே ஒரு பையோடு அவள் திரும்பி வந்தாள். ஏன் வந்தாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கூடப் படுத்துக் கதை சொல்ல ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நானும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் அண்ணனுக்குப் பெண் பார்த்தார்கள். சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டைப் பார்க்க ராசிபுரத்திலிருந்து பெண் வீட்டார் வந்தார்கள். பலகாரம் சாப்பிட்டார்கள், கோழிப் பண்ணையைச் சுற்றிப் பார்த்தார்கள், எங்கள் மாட்டைப் பற்றிக்கூட நல்லதாக நாலு வார்த்தை சொன்னார்கள். கிளம்பும்போது பெண்ணின் பெரியம்மா, காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்துவிட்டு, "மூத்த புள்ள இனி இங்கயேதானுங்களா?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா சிரித்து வைத்தாள். அக்கா தம்ளர்களோடு உள்ளே போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் அக்காவே பேச்சை எடுத்தாள். பள்ளிபாளையத்தில் அவளோடு படித்த பெண் ஒருத்தி துணி தைக்கும் கம்பெனியில் இருந்தாள். அங்கே தனக்கும் வேலை கிடைக்கும், பக்கத்திலேயே ஒற்றை அறை வாடகைக்கு இருக்கிறது என்றாள்.

"எப்பப் போவட்டுமுங்கப்பா?"

அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "ஆடியில குடி போவக் கூடாது சாமி. ஆவணி பொறக்கட்டும்" என்றார், வாளியைப் பார்த்தபடியே.

சமையலறைக்குப் போய் அம்மாவிடமும் அதையே கேட்டாள். "பால் காய்ச்ச நல்ல நாளாப் பாத்துக்கலாம். கல்யாணத்துக்கு முந்தியே போயிட்டா உனக்கும் சங்கடமில்ல" என்ற அம்மா அடுப்பைவிட்டுத் திரும்பவில்லை. அண்ணன் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "வண்டிக்கு நான் சொல்லிர்றேன்க்கா" என்றான்.

கடைசியாக என்னிடம் வந்தாள். "நீ சொல்லு பாப்பா, நான் எப்பப் போவட்டும்?"

என்னை ஒரு பெரிய மனுஷியாக மதித்துக் கேட்கிறாளே என்று நன்றாக யோசித்தேன். "நாயித்துக்கெழம போக்கா. எனக்கு லீவு, நானும் வண்டில வருவேன்."

அக்கா என் தலையை மடியில் சாய்த்து, இருட்டும்வரை பேன் பார்த்தாள். என் தலையில் பேனே கிடையாது.

நான் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமைதான் அமைந்தது. சீர்ப் பாத்திரங்களெல்லாம் புகுந்த வீட்டிலேயே தங்கிவிட்டதால், அம்மா பரணிலிருந்து பழைய சாமான்களை இறக்கித் தேய்த்துக் கொடுத்தாள். ஒரு குக்கர், இரண்டு குடம், பாய், தலையணை. அண்ணன் தானே ஓட்டிவந்த குட்டியானை வண்டியில் பாதிகூட நிரம்பவில்லை. அப்பா பண்ணைக்குள் போனவர் வெளியே வரவில்லை. அதன்பிறகு அண்ணன் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அக்கா இன்றும் பள்ளிபாளையத்தில்தான் இருக்கிறாள். பொங்கலுக்கு வந்தாலும் சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிடுவாள்.

எங்கள் பக்கம் வீட்டிலிருந்து புறப்படுகிறவர்கள் 'வாரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். கடைக்குப் போகும்போது நான் வாய் தவறிப் 'போறேன்' என்றால்கூட, அம்மா கூப்பிட்டு நிறுத்தித் திருத்துவாள். குடிபோன அன்று அக்கா வாசலில் நின்று, "நான் போறேன்மா" என்றாள். அம்மா தலையை ஆட்டினாள்.

வண்டி நாமக்கல் தாண்டியது. எனக்கு மட்டும் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

"அக்கா, நீ போறேன்னு சொல்லிட்ட. அம்மா ஒண்ணுமே சொல்லுல."

"ஆமா சாமி."

"வண்டிச் சத்தத்துல காதுல உழுந்திருக்காது" என்றேன், அவளுக்குச் சமாதானமாக.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தான். அவள் அதைச் சொன்னபோது வண்டியைக் கிளப்ப அவன் இன்னும் ஏறியிருக்கவேயில்லை.