வாசலில் விட்டுவந்த தமிழ்

காலை ஐந்து நாற்பது. மருத்துவமனைக் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் அப்பாவின் இடது உள்ளங்கை பதிந்திருந்ததைத்தான் முதலில் பார்த்தேன். வலது கை நான்கு நாள்களாக அசையவில்லை. அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே உறங்கியிருந்தார். மருத்துவர் வந்து இறப்பை உறுதி செய்தபோது ஆறு மணி. இன்றோடு ஓராண்டு ஆகிறது.

அப்பா ஒடிசாவில், பலாங்கீர் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். மழை பொய்த்த ஒரு வருடம், தரகர் சொன்னதை நம்பி அம்மாவையும் மூன்று வயதான என்னையும் அழைத்துக்கொண்டு சிவகாசிக்கு ரயிலேறினார். ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில், மருந்து கலக்கும் அறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தார்.

ஆலையில் அவருக்குப் பெயர் 'இந்தி'. நாங்கள் பேசுவது ஒடியா என்று, பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, போர்மேனிடம் ஒருமுறை சொன்னேன்.

"எல்லாம் ஒண்ணுதாம்லே. வடக்க இருந்து வந்தா இந்திதான்" என்றார். பல மொழிகளில் நாட்காட்டி அச்சடித்து நாடு முழுக்க அனுப்பும் ஊரில் இருந்துகொண்டுதான் அப்படிச் சொன்னார்.

எடு, வை, தூக்கு, ஓடு, தொடு. அப்பாவுக்கு அவர்கள் கற்பித்த தமிழ் இவ்வளவே. மீதி வசை. இந்த ஊரில் உழவு மாட்டுக்கும் பெயர் வைத்துத்தான் கூப்பிடுகிறார்கள்.

மருந்து அறையின் வாசலில் ஒரு செம்புத் தகடு உண்டு. உடம்பில் சேர்ந்த மின்சாரம் தரையில் இறங்குவதற்காக, உள்ளே போகிற ஒவ்வொருவரும் அதில் உள்ளங்கையை வைக்க வேண்டும். மறந்தால் ஒரு பொறி போதும். அந்தப் பழக்கத்தில் அப்பா வீட்டிலும் கதவின் இரும்புத் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டே நுழைவார். தொட்ட பிறகு ஒரு தமிழ்ச் சொல்லும் பேசமாட்டார். பள்ளியில் படித்த செய்யுளை ஒருநாள் சொல்லிக்கொண்டே வந்தேன். என்னை வெளியே அனுப்பி, தாழ்ப்பாளைத் தொடச் சொல்லி, மறுபடி வரச் சொன்னார். "அந்தப் பேச்சில்தான் என்னைத் திட்டுகிறார்கள். அது இங்கே வேண்டாம்" என்று ஒடியாவில் சொன்னார்.

பின்னாளில் ஒடிசாவிலிருந்து வந்த புதிய ஆட்களுக்கு அவரையே மேஸ்திரியாக்கினார்கள். ஆலைக்குள் அவர்களை அப்பாவும் தமிழில்தான் அதட்டினார். "ஏலே, தொட்டுட்டு உள்ள போலே!" வேலை முடிந்து கேட்டுக்கு வெளியே வந்ததும் அதே ஆட்களை ஒடியாவில் அண்ணன், தம்பி என்று அழைத்தார். ஒடியாவில் அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை.

அம்மா வீட்டோடு இருந்தார். பக்கத்து வீட்டு ஜன்னத் அக்கா தினமும் மதியம் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, "சாப்பிட்டீகளா?" என்று கேட்பார். அம்மாவும் அதையே திருப்பிக் கேட்பார். அம்மா கற்ற தமிழ் அந்த ஒரு சொல்.

தீபாவளி சீசன் முடிகிற சமயத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பியபோது ஒடியா திரும்பவில்லை. அப்படியும் நேரும் என்றார் மருத்துவர். ஆலைத் தமிழ் மட்டும் வந்தது. "தூக்குலே." "ஏ இந்தி, தூங்குறியாலே?" "லோடு நிக்கிது, ஓடு." எல்லாம் போர்மேனின் தொனியில், அம்மாவைப் பார்த்து.

என்ன சொல்கிறார் என்று அம்மா என்னிடம் கேட்டார்.

"நீ பக்கத்தில் இருக்கிறாயா என்று கேட்கிறார்" என்றேன்.

நான்கு நாள்களும் இப்படித்தான் மொழிபெயர்த்தேன். கடைசி நாள் மாலை அம்மா கட்டிலருகே குனிந்து, தமக்குத் தெரிந்த அந்த ஒரே தமிழைச் சொன்னார்: "சாப்பிட்டீகளா?"

அப்பா அம்மாவை வெகுநேரம் பார்த்தார். "தொட்டுட்டு உள்ள போ" என்றார். அதன் பிறகு பேசவில்லை.

சாப்பிட்டேன் என்கிறார் என்று அம்மாவிடம் சொன்னேன்.

மறுநாள் காலை, அப்பா போய் இரண்டு மணி நேரம் கழித்து, எட்டு மணிக்குப் போர்மேன் போன் செய்தார். "தம்பி, கம்பெனி சார்பா கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கணும். இந்திக்கு நெசப் பேரு என்ன?" எழுத்தெழுத்தாகச் சொன்னேன். பூமாலையோடு வந்தவர், நாலு பேர் கேட்க, "தங்கமான மனுசன்யா. ஒரு வார்த்தை எதுத்துப் பேசுனதில்ல" என்றார். எதிர்த்துப் பேசும் அளவுக்குத் தமிழை அவருக்கு யாரும் கொடுத்திருக்கவில்லை. அதைக் குணம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அப்பாவின் உடலைத் தோளில் சுமந்த உடன்வேலையாள்களுக்கும், நான்கு நாள்களும் கஞ்சி கொண்டுவந்த ஜன்னத் அக்காவுக்கும், அப்பா வைததைச் சிரித்துப் பொறுத்துக்கொண்ட செவிலியருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. போர்மேனுக்கும் இந்த நினைவு மலரில் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். அப்பாவின் பெயர் மேலட்டையில் இருக்கிறது.

வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அப்பா கடைசியில் என்ன பேசினார் என்பதை அம்மாவிடம் யாரும் சொல்ல வேண்டாம். நான்கு நாளும் அப்பா தம்மையே விசாரித்துக்கொண்டிருந்தார் என்று ஊரிலிருந்து பேசும் எல்லோரிடமும் அவர் சொல்லிவருகிறார். இந்த மலரின் முதல் பிரதியைத் தலையணை அருகே வைத்திருக்கிறார். அம்மாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.