மச்சாளுக்குக் காட்டிய மணிக்கூடு

கனடாவில் இருக்கும் என் கணவரின் அக்கா, பதினொரு நாளில் பஸ்ஸில் ஐரோப்பாவைச் சுற்றி முடித்துவிட்டு, கடைசி நான்கு நாளை எங்களுக்கென்று ஒதுக்கி ஒஸ்லோவுக்கு வந்தார். ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தவர், பெட்டியைத் திறக்கும் முன்பே போனைத் திறந்தார். பிராக் நகரத்துப் பழைய மணிக்கூட்டுக் கோபுரத்தின் வீடியோ. மணி அடிக்கும்போது மேலே இரண்டு சின்னக் கதவுகள் திறக்கின்றன. யேசுவின் அப்போஸ்தலர்கள் பொம்மைகளாக ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பக்கத்தில் ஓர் எலும்புக்கூடு கயிற்றை இழுக்கிறது.

"பன்னிரண்டு பேரிலை ஒன்பது பேரைத்தான் எண்ணினனான். மிச்சப் பேரை முன்னாலை நிண்ட ஆளின்ரை தொப்பி மறைச்சுப்போட்டுது," என்றார் மச்சாள். அந்தத் தொப்பி வீடியோவில் மிகத் தெளிவாக விழுந்திருந்தது.

அன்று மட்டும் அதை மூன்று தடவை பார்த்தோம். மூன்றாவது தடவை முடிந்ததும், "உங்கடை ஒஸ்லோவிலை இப்பிடி என்ன கிடக்கு?" என்று கேட்டார்.

"மலை இருக்கு, மரம் இருக்கு," என்றார் என் கணவர், பரீட்சையில் விடை தெரியாத பிள்ளையைப் போல.

எனக்குப் பொறுக்கவில்லை. இருபத்தெட்டு வருடமாக நான் வாசலில் பனி வழிக்கிற ஊர் இது. "ஏன் இல்லை? நகரசபைக் கட்டடத்திலை ஒரு மணிக்கூடு இருக்கு. சூரியன், சந்திரன், ராசி எல்லாம் காட்டும்," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"பொம்மையும் வருமோ?"

"ஓம், வரும்," என்று வாய் சொல்லிவிட்டது.

உண்மையில் அந்த மணிக்கூட்டை நான் ஒழுங்காக நிமிர்ந்து பார்த்ததே கிடையாது. அந்த நகரசபை முற்றத்தால் போன நாளெல்லாம் வேலைக்கு ஓடிய நாள்கள்.

அடுத்த நாள் சனிக்கிழமை. கணவருக்குத் திடீரென்று வேலை வந்துவிட்டது. நானும் மச்சாளும், பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகளும் ரயில் ஏறினோம். மச்சாள் சிவப்புக் கோட்டும் முத்து மாலையும் போட்டிருந்தார். மகள் என் காதோரம் குனிந்து, "அம்மா, பொம்மை வாறதெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? ஆர் டு சிக்கர்?" என்றாள். நிச்சயமோ என்று நோர்வே மொழியில் கேட்கிறாளாம். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது முற்றத்தில் போய் நின்றோம். கட்டட வாசலுக்கு மேலே உயரத்தில் பெரிய வட்டமாக அது இருந்தது. நான் நினைத்திருந்ததைவிட அழகு. எந்தக் கம்பி எதைக் காட்டுகிறது என்றுதான் ஒரு மண்ணும் விளங்கவில்லை.

"பொம்மை எதுக்குள்ளாலை வரும்?" என்றார் மச்சாள்.

"அங்கை, அந்தப் பக்கத்தாலை," என்று பொதுவாகக் கையை வீசினேன். மகள் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தவள் நிமிரவேயில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

மச்சாள் போனைத் தூக்கிப் பிடித்தார். பன்னிரண்டு ஆனது. கோபுர மணிகள் முழங்கின. ஏதோ ஒரு மெட்டு நீளமாகப் போனது. மணிக்கூட்டில் ஒன்றும் அசையவில்லை. நான் மாதாவைக் கூப்பிட்டேன்.

அப்போது கீழே பெரிய கதவு திறந்தது. வெள்ளைச் சட்டையில் ஒரு பெண், கையில் பூங்கொத்து. பக்கத்தில் மாப்பிள்ளை. பின்னால் அம்மா, அப்பா, வெள்ளிப் பதக்கங்கள் மினுங்கும் நோர்வேப் பாரம்பரிய உடுப்பில் உறவுக்காரர் என்று ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். சனிக்கிழமைகளில் அங்கே கலியாண எழுத்து நடக்கும் என்பது எனக்கு அந்த நிமிடம்தான் ஞாபகம் வந்தது.

மச்சாள் போனை மெதுவாகக் கீழே இறக்கினார். "பாரும், ஆக்களே வருகினம்!" என்றார்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. நேரே பெண்ணிடம் போனார். "வாழ்த்துச் சொல்ல என்ன சொல்லவேணும்?" என்று திரும்பி மகளிடம் கத்தினார். "கிரத்துலேரர், மாமி!" என்று அவளும் கத்தினாள். மச்சாள் அதில் பாதியைச் சொல்லி, மீதியை ஒரு சிலுவை அடையாளமாகப் பெண்ணின் நெற்றியில் போட்டார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்து கொடுத்தாள். படம் எடுப்பவர் எங்களையும் கையைக் காட்டி அழைத்தார். அந்தப் பிள்ளைகளின் கலியாண ஆல்பத்தில் சிவப்புக் கோட்டோடு ஒருவரும், முழிபிதுங்கி ஒருத்தியும் நிற்பார்கள். யாரென்று அந்தக் குடும்பம் எத்தனை நாள் விவாதித்ததோ!

பிறகு கட்டடத்துக்குப் பின்னால் கடற்கரை மர வாங்கில் உட்கார்ந்து ஐஸ்கிறீம் சாப்பிட்டோம். என் மனச்சாட்சி உறுத்தியது.

"மச்சாள், பொம்மை வருமெண்டு நான் சும்மா சொன்னனான்."

"தெரியும்," என்றார், ஐஸ்கிறீமிலிருந்து கண்ணை எடுக்காமல். "நிமிர்ந்து பாத்த உடனை தெரிஞ்சிட்டுது. கதவில்லாத மணிக்கூட்டிலை பொம்மை எங்காலை வரும்? நீர் என்ன செய்யப்போறீர் எண்டுதான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

மகள் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்ற கடற்காகம் எழும்பிப் பறந்தது. கலியாணம் முடித்த நாளிலிருந்து இந்த மச்சாளுக்கு நான் கொஞ்சம் பயம். அன்று அவர் என் முதுகில் தட்டித் தட்டிச் சிரித்ததில் ஐஸ்கிறீம் என் மடியில் விழுந்தது. அவரே தன் கைலேஞ்சியால் துடைத்துவிட்டார்.

"எழும்பும்," என்றார் பிறகு. "இன்னொருக்காப் போய் அந்தச் சந்திரன் எது, சூரியன் எது எண்டாவது பாப்பம்."

போனோம். அரை மணி நேரம் மூன்று பேரும் கழுத்து நோக நிமிர்ந்து நின்று சண்டை பிடித்தோம். சந்திரனைக் கண்டுபிடித்தது மகள்தான்.