இரவல் நாம்பன்

பிற்பகல் மூன்று பத்து. தென்மராட்சிச் சவாரித் திடலில், செய்தி எழுத வந்த நான் முதலில் காண்பது, முன்காலைத் தூக்கியபடி நிற்கும் ஒரு வெள்ளை நாம்பனை, இளங்காளையை. மாட்டுவண்டிச் சவாரியின் இறுதி ஓட்டத்துக்குப் பத்து நிமிடமே இருக்கிறது. மிஞ்சியிருப்பவை இரண்டு வண்டில்கள். உடுவில் செல்வராசா குந்தியிருந்து குளம்பைத் தடவுகிறார். அவர் இடப்பக்கம் பூட்டும் அந்த மாடு நொண்டுகிறது. சோடி இல்லாமல் அவர் ஓட முடியாது.

எதிர் வண்டில்காரர் கந்தையா, மாற்றுக்குக் கொண்டுவந்த தன் நாம்பனை இழுத்து வருகிறார்.

"இந்தா, இதைப் பூட்டு. இடப்பக்கம் ஓடிப் பழகினது."

"அண்ணை, உது உங்களையே வெல்லும்!" என்கிறார் செல்வராசா.

"வெல்லட்டும் பாப்பம். முதல்லை நீ வண்டிலாலை விழாமல் இரு."

"அவர் விலகினால் வெற்றிக் கிண்ணம் உங்களுக்குத்தானே?" என்று கந்தையாவிடம் கேட்கிறேன்.

"தனிய ஓடிப்போட்டு ஊருக்குள்ளை என்னெண்டு தம்பி தலைகாட்டுறது?"

கொடி விழுகிறது. நான்கு மாடுகளும் ஒரே புழுதிக்குள் மறைகின்றன. சனம் கத்திக்கொண்டு கூடவே ஓடுகிறது. குறிப்பேட்டோடு நானும் ஓடுகிறேன். முடிவுக் கோட்டில் புழுதியைக் கிழித்து முதலில் வருவது இரவல் நாம்பனின் கொம்பு.

கந்தையாவின் வண்டில் ஒரு முழம் பின்னால் வருகிறது.