ஓரகத்தியின் பேரைத் திருடியவள் என்றார்கள்

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே, போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்த ஒரு பெண் மறுபடி ஊருக்குள் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள்? சுனாமிக்கு அடுத்த வருடம், 2005 லெந்து தவக்காலத்தில், எஸ்தராகிய நான் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் ஓரகத்தி சாந்தியின் ரேஷன் கார்டு ஜெராக்ஸைக் காட்டி, நானே சாந்தி என்று சொல்லி, செல்போன் சிம் வாங்கினேனாம். அந்த நம்பரிலிருந்து எவனோ ஒருவன், கோட்டக்குப்பத்தில் கணவர் துபாயில் இருக்கும் ஒரு பெண்ணை மிரட்டியிருக்கிறான்.

போலீஸ் முதலில் சாந்தியைத்தான் கூப்பிட்டது. சிம் விற்ற போன் கடைக்காரன், "சாந்தின்னு சொல்லிக்கிட்டு வேற ஒரு பொம்பள வந்துச்சு சார்" என்றான். ஊரே என்னைத்தான் சந்தேகப்பட்டது. எங்கள் உப்பளத்தில், பிள்ளை பெற்றவளுடைய இடம் பறிபோகாமலிருக்க வீட்டு ஆள் யாராவது அவள் பெயரிலேயே வேலைக்குப் போவது வழக்கம். சாந்திக்குக் குழந்தை பிறந்ததிலிருந்து நான்தான் போனேன். மேஸ்திரி "சாந்தி" என்று கூப்பிட்டால் "இருக்கேன்" என்பேன். முதலாளிக்குத் தெரியாது. என்னைக் காட்டியதும் கடைக்காரன், "இவங்க மாதிரிதான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டான்.

பொறாமை வேறு இருந்தது. எதற்கு மறைக்க வேண்டும்? கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எனக்குக் குழந்தை இல்லை. எனக்குப் பின்னால் வந்தவளுக்கு ஆண் குழந்தை. கொழுந்தன் அவளுக்குச் செல்போன் வேறு வாங்கித் தந்தார், எங்கள் தெருவிலேயே முதல் போன். மணி அடித்தால் தெருவுக்கு வந்துதான் பேசுவாள். வீட்டுக்குள் சிக்னல் இல்லையாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெயிலில் உப்பு வாரிக் கால் வெடிப்பது எனக்கு, அங்கே கூப்பிடுகிற பேர்கூட அவளுடையது. இதெல்லாம் என் முகத்திலேயே தெரிந்திருக்கும். அதனால்தான் எல்லோரும் உடனே நம்பினார்கள்.

"எங்க அக்காவுக்கு என் போன் மேலயே கண்ணு சார்" என்று சாந்தி என் எதிரிலேயே சொன்னாள். நான் செத்துப்போனேன்.

சிம் வாங்கியது புதன்கிழமை காலை என்றார்கள். அப்போது நான் உப்புப் பாத்தியில் வேலையாக நின்றேன். "யார் சாட்சி? நாளைக்குள்ள கூட்டிக்கினு வா" என்றார் எஸ்.ஐ. மேஸ்திரி வீட்டுக்கு ஓடினேன். "ஏம்மா, பேர மாத்தி ஆள வுட்டது தெரிஞ்சா என் வேலயே போயிடும். என்ன இழுத்து வுடாத" என்று கதவைச் சாத்திவிட்டார். கூட வேலை செய்த பெண்களும் அதே பயத்தில் வாயைத் திறக்கவில்லை.

சபைக்குப் போய் முழங்காலில் விழுந்தேன். அழகான ஜெபம் ஒன்றும் வரவில்லை. "அவளுக்குப் புள்ள குடுத்தீங்க, போன் குடுத்தீங்க. எனக்குன்னு இருந்தது மானம் ஒண்ணுதான். அதையும் புடுங்கிக்கிட்டீங்களே ஆண்டவரே" என்று சண்டை போட்டேன். அழுது முடித்தபோது கொஞ்சம் தைரியம் வந்திருந்தது. வேறு எதுவும் வரவில்லை.

மறுநாள் தனியாகத்தான் ஸ்டேஷனுக்குப் போனேன். "சார், சாந்தி பேர்ல வேலைக்குப் போனது நெசம். சிம் வாங்கினது நான் இல்ல" என்று சத்தமாகச் சொன்னேன். சொல்லி வாயை மூடவில்லை, வாசலில் மேஸ்திரி. பக்கத்தில் முதலாளி. விடிந்ததும் மேஸ்திரியே போய் அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டாராம்.

"புதங்கெழம சாந்தின்னு கூப்பிட்டப்ப, இருக்கேன்னு சொன்னது இந்த அம்மாதான் சார். சாயங்காலம் வரைக்கும் பாத்தியவுட்டு ஏறவே இல்ல" என்றார் மேஸ்திரி. ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை என்றும் சொன்னார். அவர் எங்கள் சபைக்காரர் அல்ல, கோயிலுக்குப் போகிறவர். அவர் தூக்கத்தைக் கெடுத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

போலீஸ் கடைக்காரனை மறுபடி விசாரித்தது. கொழுந்தன் போன் வாங்கும்போது கொடுத்த ஜெராக்ஸை வைத்து, சிம் எடுத்தவனும் மிரட்டியவனும் அவனேதான். முதலாளி மேஸ்திரியைக் கடிந்துகொண்டாரே தவிர, வேலையை விட்டு நீக்கவில்லை. சாந்தி வந்து, "மன்னிச்சிடுக்கா" என்று குழந்தையை என் மடியில் வைத்தாள்.

இது நடந்து ஒரு வருடம் ஆகிறது. பொறாமை முழுதாகப் போய்விட்டதா என்றால், இல்லை. அவள் இப்போது கேமரா போன் கேட்கிறாளாம்! ஆனால் எரிச்சல் வந்தால் அவளிடம் காட்டுவதில்லை. நேராக ஆண்டவரிடம் கொண்டுபோகிறேன்.

உங்களில் யாராவது செய்யாத குற்றத்தைச் சுமந்துகொண்டிருந்தால், மனசு சுத்தமான பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். அழுதுகொண்டே போங்கள், கோபத்தோடு போங்கள். நான் என் ஓரகத்தியைத் திட்டிக்கொண்டேதான் போனேன். அவர் என்னைத் திருப்பி அனுப்பவில்லை.