ரவுட்டருக்கு வைத்த பொட்டு

இன்று ஆயுத பூஜை, மில் ஓடாது. அதனால் வேடசந்தூர் மில் ஆபீஸ் ரவுட்டருக்குப் புது மென்பொருள் ஏற்றப் போனேன்.

அதன் ஃபிளாஷ் மெமரியில் இரண்டு மென்பொருளுக்கு இடம் இல்லை. பழையதை அழித்தால்தான் புதியது ஏறும். அழித்தேன். புதியது பாதி ஏறியிருந்தபோது சூப்பர்வைசர் சந்தனக் கிண்ணத்தோடு வந்து பிளக்கைப் பிடுங்கினார்.

"அண்ணே, என்ன பண்றீங்க?"

"பூசை நேரத்துல எந்த மிஷினும் ஓடக்கூடாது தம்பி. செத்த நேரம் கண்ண மூடட்டும்."

பொட்டு வைத்தார், சூடம் காட்டினார், பிளக்கைச் செருகினார். உள்ளே பழையதும் இல்லை, புதியதும் இல்லை. ரவுட்டரின் விளக்கு மட்டும் எரிந்தது.

"பாத்தீகளா, முன்னைக்கு இப்ப எம்புட்டு பிரகாசமா எரியுது" என்று சுண்டலை நீட்டினார்.

எங்கள் கம்பெனிக்கு அனுப்பும் சர்வீஸ் ரிப்போர்ட்டில் 'பழுதுக்கான காரணம்' என்ற கட்டத்தை நான் இன்னும் நிரப்பவில்லை. சாமியைக் குற்றம் சொல்லாத ஒரு வரி யாரிடமாவது இருக்கிறதா?