நிற்பதை எண்ணச் சொன்னவர்

செய்தி வந்தபோது ஓர் அம்மாவுக்கு ரோஜாச் செடி உரம் நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜார்ஜ்டவுனில் பூச்சட்டியும் உரமும் விற்கும் சின்னக் கடை; மூன்று வருடமாக அங்கேதான் வேலை. பழைய கடை ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே வரி: "பாலன் சார் இன்று காலை தவறிவிட்டார்." உரத்தை நிறுத்து முடித்தேன். வாரம் ஒரு கைப்பிடி போதும் என்று அந்த அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். பிறகுதான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இந்த மனிதர் எனக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாமலே போய்விட்டாரே என்ற கோபம்.

பதினாறாம் நாள் வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். அதற்காக அவருடைய மனைவி கமலா அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீதான் சரோ அவரோட வயல் வயலா சுத்துனவ. நீ எழுது" என்றார். இதைப் படிக்கும் நீங்களெல்லாம் அவரை அறிந்தவர்கள். சிரித்த முகம், சட்டைப் பையில் இரண்டு பேனா, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிய நெல் கத்தைகள், யார் வீட்டு விசேஷமென்றாலும் முதல் ஆளாக வந்து நாற்காலி போடும் பழக்கம். அதெல்லாம் உண்மை. நான் எழுதப் போவதும் உண்மைதான். அண்ணி, இதை அச்சுக்குக் கொடுப்பதும் கிழித்துப் போடுவதும் உங்கள் விருப்பம்.

ஜார்ஜ்டவுன் கடைக்கு வருவதற்கு முன், கெப்பாலா பத்தாஸில் விதையும் மருந்தும் விற்கும் கடையில் நான் விற்பனைக்கு நின்றேன். தினமும் தீவிலிருந்து பெர்ரி பிடித்து, அக்கரையில் பட்டர்வொர்த்தில் இறங்கி, பஸ் ஏறிப் போவேன். பாலன் அண்ணன் எங்களுக்கு விதை தரும் நிறுவனத்தின் வயல் ஆலோசகர். அந்த வட்டாரத்துக்கு ஒரு புது நெல் ரகத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான்.

அந்த ரகம் எதற்காக என்பதைச் சொல்லிவிடுகிறேன். அங்குள்ள வயல்களில் காற்று நெல் என்றொரு களை உண்டு. மலாய்க்காரர்கள் பாடி ஆங்கின் என்பார்கள். பார்க்க நெல் மாதிரியே இருக்கும், ஏனென்றால் அதுவும் நெல்தான். ஆனால் அறுவடைக்கு முன்பே மணியை உதிர்த்துவிடும். அதைக் கொல்கிற மருந்து பயிரையும் சேர்த்துக் கொன்றுவிடும். புது ரகம் மட்டும் ஒரு குறிப்பிட்ட களைக்கொல்லியைத் தாங்கும். விதைத்த சில நாளில் அதை அடித்தால் பயிர் நிற்கும், காற்று நெல் சாகும். அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஒரே வயலில் அடுத்தடுத்து இரண்டு பருவத்துக்கு மேல் அந்த ரகத்தைப் போடக் கூடாது. போட்டால் மருந்துக்குத் தப்பிய ஒன்றிரண்டும் பெருகிப் பெருகி, மருந்துக்கே அடங்காத கூட்டமாகிவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். நல்ல நிலபுலன் உள்ள ஒருவர் வந்து, ஊரே பேசுகிறதே, எனக்கும் அந்தப் புது விதை வேண்டும் என்று மொத்தமாகக் கேட்டார். முதலாளிக்கு வாயெல்லாம் பல். பாலன் அண்ணன் அப்போது கடையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். உங்கள் வயலில் என்ன களை நிற்கிறது என்று மலாயில் கேட்டார். கோரையும் புல்லும்தான் என்றார் அவர். அப்படியென்றால் இந்த விதை உங்களுக்கு வேண்டாம், சாதாரண ரகத்தையே போடுங்கள், காற்று நெல் வந்தால் அப்போது பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். முதலாளியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அண்ணன் என்னிடம் திரும்பி, "மொதல்ல களை என்னான்னு கேளு சரோ. அப்பறம் வெதைய எடு" என்றார். தன் சரக்கைத் தானே வேண்டாம் என்று சொல்கிற மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. இவர் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

விற்றால் மட்டும் போதாது, வயலுக்கு வா என்று என்னை இழுத்துப் போனதும் அவர்தான். பாக் டின் என்ற விவசாயியின் வயலில் முதன்முதலாகக் கால் வைத்தபோது என் ஒரு செருப்பைச் சேறு விழுங்கிவிட்டது. குனிந்து துழாவிக்கொண்டிருந்தேன். "தேடாத லா. அறுவடைக்குள்ள மொளச்சி வந்துடும்" என்று அண்ணன் சொல்ல, பாக் டின் என்னவென்று விசாரித்துச் சிரித்தார். அப்புறம் தன் வீட்டிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் கொண்டுவந்து கொடுத்தார். நான் வேலையை விடும்வரை அதைத்தான் போட்டுக்கொண்டேன். அன்றைக்கு அண்ணன் என் கையில் ராபியா என்கிற பிளாஸ்டிக் நாரில் ஒரு சிவப்புக் கயிற்றுச் சுருளைக் கொடுத்தார். மருந்தடித்த பிறகும் சாகாமல் நிற்கும் ஒவ்வொரு காற்று நெல்லிலும் ஒரு முடிச்சு போட்டுக்கொண்டே வரப்பில் போக வேண்டும். வயல் முழுக்கக் களை செத்துக் கிடக்கிறதே, அதைக் குறித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"செத்தத எண்ணாத, சரோ. நிக்கிறத எண்ணு. செத்தது நம்மள ஒண்ணும் செய்யாது."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பில்லை.

பாக் டின் அந்த ரகத்தை இரண்டு பருவம் போட்டார். இரண்டாவது பருவத்தின் முடிவில் நாங்கள் கட்டிய முடிச்சுகள் முதல் பருவத்தைவிடப் பல மடங்கு. வரப்போரம் முழுக்கச் சிவப்பு. தப்பியவற்றின் கதிர்களை அண்ணன் அறுத்து ஒரு காகித உறையில் போட்டு எடுத்துப் போனார். அடுத்த விதைப்பு வந்தபோது பாக் டின் கடைக்கு வந்து, இந்தத் தடவை ரகத்தை மாற்றத்தானே வேண்டும் என்று கேட்டார். அவருக்கு நிபந்தனை நன்றாக நினைவிருந்தது. நான்தான், எதற்கும் அண்ணனைக் கேட்டுவிடலாம் என்று போன் போட்டேன்.

"இன்னொரு பருவம் அதையே போடட்டும். போன தடவ அவரு மருந்து அடிச்சது லேட்டு. அதான் நின்னுடுச்சி. வேற ஒண்ணும் இல்ல."

அவர் சொன்னதை நான் மலாயில், என் வார்த்தையாகவே சொன்னேன். அண்ணன் சொன்னார் என்றுகூடச் சொல்லவில்லை. பாக் டின் என் முகத்தைப் பார்த்துவிட்டு விதை மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அந்த வருடத் தீபாவளிக்கு அண்ணன் வீட்டில் வழக்கம்போல், யார் வேண்டுமானாலும் வந்து சாப்பிடும் திறந்த இல்ல உபசரிப்பு. மாக் மண்டின் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் அவருடைய வரிசை வீடு உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு நின்று சாப்பிடக்கூட இடமில்லை. கை கழுவக் கொல்லைப் பக்கம் போனேன். சுவரோரம் வரிசையாகப் பழைய ஐஸ்கிரீம் டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் நெற்பயிர். கதிர் முற்றிச் சிமெண்டுத் தரையில் உதிர்ந்து கிடந்தது. ஒரு மைனா அதைக் கொத்திக்கொண்டிருந்தது. டப்பாக்களில் அவருடைய கையெழுத்து. "டின் வயல், ஒரு அளவு மருந்து, நிற்கிறது." அடுத்ததில், "டின் வயல், இரண்டு அளவு மருந்து, நிற்கிறது." சரியான நாளில், சரியான அளவில், தன் கையாலேயே அடித்துப் பார்த்திருக்கிறார். இரட்டை அளவுக்கும் அது சாகவில்லை. கீழே தேதி போட்டிருந்தது. நான் போன் செய்த நாளுக்குப் பன்னிரண்டு நாள் முந்தைய தேதி.

கை கழுவாமலே நின்றேன். பின்னாலேயே அண்ணன் வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். "நல்ல நாளும் அதுவுமா இது வேணாம் சரோ" என்றார். தெரிந்துகொண்டேதான் போடச் சொன்னீர்களா என்று கேட்டேன். விதை ஏற்கெனவே வந்து இறங்கிவிட்டது, மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன், பாக் டின்னிடம் நானே நேரில் போய்ச் சொல்கிறேன், அதுவரை நீ வாயைத் திறக்காதே என்றார். அப்போது வயலில் காற்று நெல் கதிர் தள்ளியிருக்கவில்லை. ஆளை வைத்துப் பிடுங்கினால் பயிரைக் காப்பாற்றிவிடலாம். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். உள்ளே விருந்தாளிகளின் சத்தம். தீபாவளியன்று ஒருவர் வீட்டுக்கு வந்து, அவர் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, எப்படிச் சண்டை போடுவது? அண்ணி முறுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு பெர்ரி ஏறினேன்.

அவர் சொல்லவில்லை. இந்த வாரம், அடுத்த வாரம் என்று ஒரு மாதம் போனது. ஒருநாள் பொறுக்க முடியாமல் நானே பஸ் பிடித்துப் போய் வரப்பில் நின்றேன். பயிருக்கு மேலே தலைநீட்டி நின்ற காற்று நெல்லைத் தொட்டதும் மணி பொலபொலவென்று கையில் கொட்டியது. இனி யாரிடம் எதைச் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று திரும்பிவிட்டேன். அந்தப் பருவம் பாக் டின் அறுவடை இயந்திரத்தைக் கூப்பிடவே இல்லை.

பிறகு ஊர்ப் பொது மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. பயிர் ஏன் போனது என்று விவசாயிகள் கேட்டார்கள். அண்ணன் எழுந்து, ரகத்தில் குறையில்லை, மருந்து அடித்ததுதான் தாமதம் என்றார். அதோடு விட்டாரா? பாக் டின்னின் தோளில் கைபோட்டு, பரவாயில்லை, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறுதல் வேறு சொன்னார். திட்டியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். பாக் டின் தலை குனிந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். மாதக் கடைசியில் வேலையையும் விட்டேன். அதன் பிறகு அண்ணனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் என்னைக் கூப்பிடவில்லை.

ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்குத் தெரியாது. மேலிடத்து நெருக்கடி என்று சிலர் சொல்கிறார்கள். தான் கொண்டுவந்த ரகம் தன் கண் முன்னே தோற்பதை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லையோ என்று நான் நினைப்பதுண்டு. இறந்தவருக்காக நான் காரணம் தயாரிக்க விரும்பவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், களை என்னவென்று கேட்காமல் விதையை எடுக்காதே என்று சொல்லிக் கொடுத்த அதே வாய்தான் போனில் அந்தப் பொய்யைச் சொன்னது.

சாவு வீட்டுக்குப் பாக் டின்னும் வந்திருந்தார். பந்தலில், ஓரமாக, தொப்பியைக் கழற்றாமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து, பாலன் மாதிரி நல்ல மனிதர் கிடைக்க மாட்டார் என்றார். தான் அன்றைக்கு லேட்டாக மருந்தடித்து எல்லாவற்றையும் கெடுத்தும், பாலன் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லையே என்றார். பாக் டின்னின் மகன்கள் இன்னும் அதைச் சொல்லித்தான் அவரைக் குத்துகிறார்களாம்; வயலில் எந்த முடிவும் அவரை எடுக்க விடுவதில்லையாம். உள்ளே தேவாரம் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் மறுபடியும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன்.

அண்ணி எழுதச் சொன்ன பிறகு முதல் வரி ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெர்ரி ஏறி, கெப்பாலா பத்தாஸுக்குப் போய், பாக் டின்னின் வீட்டு வாசலில் அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஐஸ்கிரீம் டப்பா, தேதி, இரட்டை அளவு. உங்கள் தாமதத்தால் இல்லை பாக் டின், எந்த நாளில் அடித்திருந்தாலும் அந்தக் களை மருந்துக்கு அடங்கியிருக்காது என்றேன். அவர் வயல் பக்கம் திரும்பினார். உனக்கு இது எப்போது தெரியும் என்று கேட்டார். அந்த வருடத் தீபாவளி அன்று என்றேன். விரல்விட்டுப் பயிரின் வயதைக் கணக்குப் பார்த்தார்.

"அப்போது பிடுங்கியிருக்கலாமா?"

"பிடுங்கியிருக்கலாம்" என்றேன். மூன்று வருடம் நான் அவரிடம் போகாததற்குக் காரணம் இந்த ஒரு கேள்விதான். பாலன் அண்ணன் மேல் உள்ள கோபத்தைப் போர்த்திக்கொண்டு அதற்குள் ஒளிந்திருந்தேன்.

பாக் டின் உள்ளே போய்ச் சூடாகக் காப்பி கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பக்கத்தில் உட்காரவில்லை. மகன்களைக் கூப்பிட்டு, நான் சொன்னதை அவர்கள் எதிரிலும் ஒருமுறை சொல்லச் சொன்னார். சொன்னேன். புறப்படும்போது பையிலிருந்து அந்தச் சிவப்புக் கயிற்றுச் சுருளை எடுத்து அவரிடம் நீட்டினேன். அண்ணன் கொடுத்தது, பாதிக்கு மேல் மிச்சமிருக்கிறது, உங்கள் வயலுக்கு ஆகும் என்றேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேண்டாம் என்று தலையசைத்தார்.

பாலன் அண்ணனிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான். இன்னும் என் பையில்தான் இருக்கிறது.